புதிய கடல்நீர்த் தொட்டியில் பாசி: ஒழிப்பதா, ஒழுங்குக்குள் வைப்பதா?

ஆங் மோ கியோவின் அடுக்குமாடி வீடுகளில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்களைக் கேட்டால், இரண்டாவது மூன்றாவது வாரத்துக் கதை ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். வெள்ளை மணலின் மேல் காப்பித்தூளைத் தூவியதுபோல் பழுப்புப் படலம் படிகிறது. காலையில் துடைத்த கண்ணாடி மறுநாளே மங்கிவிடுகிறது. மாதம் ஒன்று போனதும் பாறைகளில் பச்சை மயிர் தலைகாட்டுகிறது. சில வீடுகளில் மணல்மேல் செந்நிறத்தில் வழுவழுப்பான விரிப்பு ஒன்று படர்கிறது. கவலைப்பட்டவர் பக்கத்துச் சிராங்கூன் நார்த்தில் உள்ள அலங்கார மீன் கடைகளுக்குப் போகிறார். ஒருவர் நத்தை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் பாஸ்பேட்டை உறிஞ்சும் துகளைக் காட்டுகிறார். மூன்றாமவர் விளக்கை மூன்று நாள் அணைத்து வைக்கச் சொல்கிறார். நான்காமவர் ஒரு மருந்துப் பொட்டலத்தை நீட்டுகிறார்.

நான்கு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் எது எந்தப் பாசிக்கு, தொட்டியின் எந்த வயதில் பொருந்தும் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பவளப்பாறை ஆய்வுகள், அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொட்டி வளர்ப்பு அனுபவம், சிங்கப்பூரின் நீரும் வெப்பமும் ஆகிய மூன்றையும் வைத்து அந்த நான்கு விடைகளையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசி என்று எதைச் சொல்கிறோம்?

பாம்பன், இராமேசுவரம் கரையில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் எல்லாவற்றையும் வெறுமனே பாசி என்று சொல்லி நிறுத்துவதில்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். விலை வேறு, வளரும் இடம் வேறு, பருவம் வேறு என்பதால் பெயரும் வேறு. தொட்டி வைப்பவர் அவர்களிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

தொட்டியில் நாம் பாசி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒன்றுக்கொன்று தொலைவான நான்கு வகை உயிர்கள். முதலில் வரும் பழுப்புப் படலம் டயாட்டம். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிர் இது. செந்நிற விரிப்பு சயனோபாக்டீரியா. பெயரே சொல்வதுபோல் அது பாக்டீரியா. ஒளியை உண்டு வாழும். குமிழிகளைச் சுமந்துகொண்டு சளிபோல் பழுப்பாகத் தொங்குவது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட். பச்சை மயிரும், இறகுபோன்ற பிரையாப்சிஸும், பச்சை முத்துபோன்ற வலோனியாவும் உண்மையான பச்சைப்பாசிகள். இவற்றோடு நாம் விரும்பி எதிர்பார்க்கும் ஒன்றும் உண்டு. பாறைமேல் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் ஓடுகட்டும் கோரலைன் என்ற சுண்ணச் செம்பாசிதான் அது.

ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைத் தொடாது. ஒன்றைப் பட்டினி போடும் முறை இன்னொன்றுக்கு விருந்தாகிவிடும். ஆகவே எந்த நடவடிக்கைக்கும் முன்னால் அடையாளம் காண வேண்டும். மலிவான நுண்ணோக்கி ஒன்றிருந்தால் இதற்குப் போதும்.

வருகை வரிசை

புதிய தொட்டி உழுதுபோட்ட வெற்று நிலம். நிலத்தில் பயிருக்கு முன்னால் களை வருவதுபோல், இங்கும் வேகமாகப் பெருகும் உயிர்களே முதலில் இடம் பிடிக்கின்றன. மீனின் கழிவிலும் மிச்சத் தீவனத்திலும் இருந்து அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், அடுத்தது நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்தச் சுழற்சி நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் முடிவில் நைட்ரேட் சேர்ந்திருக்கும், பாறையெல்லாம் காலியாக இருக்கும், மேய்வதற்கு உயிர்கள் இருக்காது, விளக்கு மட்டும் முழு வீச்சில் எரியும். பாசிக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டியதில்லை.

டயாட்டம் நீரில் கரைந்த சிலிக்காவைத் தின்று தீர்த்ததும், வெளியிலிருந்து புதிதாக வராவிட்டால், சில வாரங்களில் தானே மெலிந்துவிடும். அதை எதிர்த்துப் பணம் செலவழிப்பது வீண். பச்சை மயிர் அப்படியல்ல; ஊட்டச்சத்து வந்துகொண்டிருக்கும்வரை அது போகாது. கோரலைன் கடைசியாக, மாதக்கணக்கில் வருகிறது. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் அளவில் நிலையாக இருந்தால் அது மெல்லப் பாறையை மூடும். அது மூடிய இடத்தில் மற்றப் பாசிகள் வேர்கொள்வது கடினம். ஆக, காலி இடத்தை நல்ல உயிர்கள் நிரப்பும்வரை தொட்டியைக் காப்பாற்றிக் கொண்டுபோவதுதான் புதிய தொட்டிக்காரரின் உண்மையான வேலை.

தொட்டி வளர்ப்பு முறைகள் வந்த கதை

கடல்நீர்த் தொட்டி வளர்ப்பு வரலாற்றின் முக்கியமான தொடக்கம் சிங்கப்பூருக்கு மிக அருகில் நிகழ்ந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழ்களையும் மட்டும் வைத்துப் பவளத்தையும் மீனையும் வளர்த்த தம் முறையை 1961-இல் அமெரிக்காவின் ‘டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில் எழுதினார். பாறையில் குடியிருக்கும் சிற்றுயிர்களே தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது அவர் கண்டது.

அந்த உயிர்ப்பாறையை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். கரிமக் கழிவு சிதைந்து ஊட்டச்சத்தாக மாறுமுன் அதை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். இதற்குப் பெர்லின் முறை என்று பெயர். மொனாக்கோவில் ஜான் ஜோபேர், ஆழமான மணற்படுகையின் அடியில் ஆக்சிஜன் குறைந்த இடத்தை உருவாக்கி நைட்ரேட்டை வாயுவாக்கும் வழியைக் காட்டினார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி நேர் எதிர்த் திசையில் யோசித்தார். பாசியை ஒழிக்க முயலாமல், தொட்டிக்கு வெளியே ஒரு வலைத்தட்டில் பிரகாசமான ஒளியில் அதையே வளர்த்து, வாரந்தோறும் சுரண்டி எறிந்தால், ஊட்டச்சத்தும் அதோடு போய்விடும் என்றார். அரிசோனாவின் ‘பயோஸ்பியர் 2’ செயற்கைக் கடலில் இம்முறை பயன்பட்டது. இன்று பலர் தொட்டியின் கீழறையில் கீட்டோமார்ஃபா என்ற நூற்கண்டுப் பாசியை இரவில் விளக்கேற்றி வளர்ப்பது இதே சிந்தனையின் எளிய வடிவம்.

பட்டினியா, மேய்ச்சலா?

கடலில் பாசியை அடக்குவது எது என்ற கேள்வியில் அறிவியலாளர்கள் நீண்ட காலம் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஊட்டச்சத்துக் குறைவே பாசியை அடக்குகிறது என்றது ஒரு கட்சி. மேயும் மீன்களும் கடல் முள்ளெலிகளுமே அடக்குகின்றன என்றது மற்றது. 1984-இல் மார்க் லிட்லர், டயான் லிட்லர் இருவரும் இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்தார்கள். ஊட்டம் குறைவாகவும் மேய்ச்சல் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில் பவளம் ஆளும். இரண்டும் தலைகீழானால் பெரும்பாசி ஆளும் என்றார்கள்.

ஜமைக்கா இதற்குப் பெரிய சாட்சி. அங்கே மேயும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதுகாவல் டயடிமா என்ற நீள்முள் முள்ளெலிதான். 1983-இல் கரீபியன் முழுக்கப் பரவிய கொள்ளைநோயில் அது கூட்டங்கூட்டமாக அழிந்தது. 1970-களின் இறுதியில் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, பாசி அந்த இடத்தைப் பிடித்ததை டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் ‘சயின்ஸ்’ இதழில் பதிவுசெய்தார். அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஒன் ட்ரீ தீவில், பாறைத்திட்டுகளில் வேண்டுமென்றே நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்துப் பார்த்தார்கள். பவளங்களின் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டது. ஆனால் பாசி எல்லாவற்றையும் மூடிவிடவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்து நான் எடுக்கும் முடிவு இது. ஊட்டம் பாசி வளரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மேய்ச்சல் கண்ணுக்குத் தெரியும் அளவைத் தீர்மானிக்கிறது. கடலில் ஊட்டத்தை அலை கொண்டுபோய்விடும். தொட்டியில் அதற்கு வெளியேறும் வழி கிடையாது. அதனால் கடலைவிடத் தொட்டியில் ஊட்டத்தின் கணக்குக்கு எடை அதிகம்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். உலர்ந்த மீன் தீவனத்தில் சுமார் 1 விழுக்காடு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம்; பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது முழுவதும் தங்கினால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். பவளத் தொட்டிக்காரர்கள் பொதுவாக இலக்காக வைப்பதோ 0.03 முதல் 0.1 வரைதான். மீனும் பாக்டீரியாவும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் என்றாலும், விரலால் கிள்ளிப்போடும் அந்தச் சிட்டிகையின் வலிமை இது.

நீர் மாற்றினால் போதும் என்பாருக்கும் ஒரு கணக்கு உண்டு. நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும்போது பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அது 18 ஆகும். நாளொன்றுக்கு 0.5 வீதம் புதிதாகச் சேர்ந்தால் வாரத்தில் 3.5 கூடிவிடும். எடுத்தது இரண்டு, வந்தது மூன்றரை. நீர் மாற்றுவது நல்லது. ஆனால் வரவைக் குறைக்காமல் அது மட்டும் காப்பாற்றாது.

சிங்கப்பூரின் நீர், வெப்பம், ஒளி

இனி ஊர் நிலவரம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீர் குடிப்பதற்கு மிக நல்ல நீர். ஆனால் அதில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமின் இருக்கிறது. கடையில் வாங்கும் குளோரின் நீக்கி குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சுகிறது. அதோடு கரைந்த உப்புகளும் சிலிக்காவும் உண்டு. 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஆவியாவது நீர் மட்டும், அதிலிருந்தவை தங்கிவிடும். நாம் ஊற்றும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால்கூட, மாதத்தில் 180 மில்லிகிராம் தொட்டியில் சேரும். டயாட்டம் போகவே மாட்டேன் என்கிறது என்று வருந்துகிற பல வீடுகளில் காரணம் இதுவாகவே இருக்கும். கரி வடிகட்டியும் அயனி நீக்கியும் சேர்ந்த ஆர்ஓ கருவியின் நீரே உப்பு கலக்கவும் ஈடுசெய்து ஊற்றவும் ஏற்றது. அந்த நீரைச் சேமிக்கும் வாளியை இறுக மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த நன்னீர் பிடிக்கும்.

இரண்டாவது வெப்பம். குளிரூட்டி இல்லாத வரவேற்பறையில், விளக்கும் பம்பும் சேர்ந்து தொட்டியை 30 பாகையில் வைத்துவிடும். 25 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 6.2 தான். வெப்பம் கூடக் கூட எல்லா உயிரின் மூச்சும் வேகமாகும்; சிதைவும் விரைவாகும். காற்றாடி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது இந்த ஊரின் ஈரப்பதத்தில் அரைப்பலனே தரும். பவளம் வைக்க நினைப்பவர், விலையுயர்ந்த விளக்கைவிட, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்கு முதலில் பணம் ஒதுக்குவது நல்லது. சிங்கப்பூர்க் கடற்பவளங்களே 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளிறின என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது ஒளி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். சன்னல் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் விளக்கின் நேரத்தைக் குறைத்துப் பயனில்லை. முதல் ஒரு மாதம், பவளம் இல்லாத நிலையில், விளக்கே தேவையில்லை. மீன்களுக்கு அறை வெளிச்சம் போதும். பிறகு நாளுக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கி எட்டுவரை மெல்ல உயர்த்தலாம்.

இந்த ஊர்க் கடலும் ஒன்றைக் காட்டுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தை ஒட்டித் தென்தீவுகளின் பவளத்திட்டுகளில் சர்காசம் ஆளுயரத்துக்கு அடர்ந்து வளர்ந்து, பிறகு அறுந்துபோகிறது. அதே திட்டுகளில் சுமார் 250 வகைக் கல்பவளங்கள் வாழ்கின்றன. பாசியும் பவளமும் ஒன்றாக இருக்க முடியும், வரம்புதான் முக்கியம்.

மேய்ப்பவர்கள்

மேய்ச்சல் உயிர்களில் புதிய தொட்டிக்குப் பொருத்தமானவை நத்தைகள். டர்போவும் டிரோக்கஸும் கண்ணாடியையும் பாறையையும் மேயும். செரித் மணலையும் கவனிக்கும். நசேரியஸ் நத்தை பாசி தின்னாது. அது மிச்சத் தீவனத்தைத் தேடும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கி ஏமாறுவோர் உண்டு. துறவி நண்டு பாசி தின்னும் என்றாலும், ஓட்டுக்காக நத்தையைக் கொல்லவும் செய்யும். வலோனியாவுக்கு மரகத நண்டு உதவும்.

மீன்களில் ஓரா சிறந்த மேய்ப்பன். தமிழகக் கரையில் குழம்புக்கும், சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு விருந்துக்கும் வரும் அதே குடும்பத்தின் வண்ண இனங்கள்தாம் தொட்டிக்கு வருகின்றன. முள்ளில் நஞ்சுண்டு, கையை விடும்போது கவனம் தேவை. ஆனால் ஓராவும் மஞ்சள் டேங்கும் 20 சென்டிமீட்டர் அளவுக்கு வளரக்கூடியவை. 200 லிட்டர் தொட்டியில் பாசிக்காக அவற்றை வாங்குவது, ஒரு மாதப் பிரச்சினைக்காக ஓர் உயிரைப் பல ஆண்டுகள் சிறைவைப்பதாகும். மேலும், மேய்ப்பவை தின்றது கழிவாகி அதே நீரில்தான் விழுகிறது. பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறிவதுதான் ஊட்டத்தை உண்மையில் தொட்டியிலிருந்து நீக்குகிறது. பச்சை மயிருக்குக் கையே முதல் கருவி. நத்தைகள் அதன் பிறகு, மொட்டையான பாறையைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும்.

சுழியத்தின் பொறி

பாசிக்குப் பயந்து, பாஸ்பேட் நீக்கும் இரும்பு ஆக்சைடுத் துகளை அள்ளிப் போட்டு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் காட்டும்வரை விரட்டுவோர் பலர். பச்சை மயிர் போய்விடும். சில வாரங்களில் அதைவிடக் கொடிய டைனோஃபிளாஜெல்லேட் வரும். போட்டிக்கு வேறு உயிர் இல்லாத வறண்ட நீரில் அது செழிக்கிறது. ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்றவற்றின் நச்சால் அதை மேயும் நத்தைகள் சாகின்றன. இதற்கு மருந்து வழக்கத்துக்கு எதிரானது: உறிஞ்சும் துகளை நிறுத்தி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளவோடு உயர விடவேண்டும், இரவில் நீரில் மிதக்கும் இனமென்றால் புறஊதாக் கருவி உதவும். நைட்ரேட் 2 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்ற அளவுகளுக்குக் கீழெல்லை வைத்திருப்பதன் பொருள் இதுதான்.

மருந்துகளின் நிலையும் இதை ஒட்டியதே. சயனோபாக்டீரியாவை எரித்ரோமைசின் கொல்லும், ஏனெனில் அது பாக்டீரியா. ஆனால் மனிதருக்கு மருத்துவர் சீட்டோடு மட்டும் தரப்படும் ஒரு மருந்தை வீட்டு அலங்காரத்துக்காக நீரில் கரைப்பது, மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்ப்பதில் கொண்டுபோய் விடலாம். ஒரே நாளில் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனையும் தின்கிறது. வெப்பமான நீரில் அது மீன்களின் உயிருக்கே வினையாகும். மூன்று நாள் இருட்டடிப்பு இதைவிட மென்மையானது. எனினும் காரணம் மாறாவிட்டால் போனது திரும்பும். மருந்து, பிற வழிகள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக வரவேண்டியது.

தொட்டிக்கு வெளியே உள்ள கடமை

1984-இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்தின் கீழே, கடலில் சிறு திட்டாகக் காணப்பட்ட கௌலர்ப்பா டாக்சிஃபோலியா என்ற அலங்காரத் தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. கலிஃபோர்னியாவில் 2000-இல் கண்டுபிடித்ததை ஒழிக்க ஆறு ஆண்டு ஆயிற்று. நம் மன்னார் வளைகுடாவிலும், மண்டபம் பக்கத்தில் பயிரிட்ட காப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவுசெய்தார்கள். ஆகவே பிடுங்கிய பாசியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பழைய நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். பீஷான்-ஆங் மோ கியோ பூங்கா வழியாக ஓடும் காலாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அது நம் குடிநீர். பாறைக்காகவோ நத்தைக்காகவோ சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் கைவைப்பது சட்டப்படி குற்றம்.

முடிவு

எடைபோட்டுப் பார்த்ததில் வரிசை தெளிவாகிறது. முதலில் தூய நீர், குறைந்த ஒளி, கட்டுக்குள் வெப்பம். அடுத்து மிகக் குறைவான மீன், அளந்த தீவனம். பாசி வந்ததும் அடையாளம் காணல், கையால் பிடுங்கல். பிறகு தொட்டியின் அளவுக்கேற்ற நத்தைகள். அதன்பின் கீழறையில் கீட்டோமார்ஃபா, ஸ்கிம்மர். எல்லாம் செய்தும் அடங்காவிட்டால்தான் துகளும் மருந்தும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு வாரம் பொறுத்து அடுத்தது. நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வருபவர், ஆறு மாதத்தில் தம் தொட்டியைக் கடைக்காரரைவிட நன்றாக அறிந்திருப்பார்.

புதிய தொட்டியில் பாசி வருவது தோல்வி அல்ல. வெற்று நிலம் உயிர் பிடிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அது எல்லை மீறினால், நாம் உள்ளே போட்டதற்கும் வெளியே எடுத்ததற்கும் இடையே கணக்கு உதைக்கிறது என்று பொருள். அடுத்த தடவை நத்தையோ மருந்தோ வாங்கப் புறப்படுமுன், ஒரு நாள் போடும் தீவனத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடும்.